என் கையால் செத்தவர்கள்

ஜூன் 2

ஆறு வருஷம் கழித்து இன்று மறுபடியும் நாட்குறிப்பு. இடைப்பட்ட காலத்தை வரலாறு இருட்டில் தடவிக்கொள்ளட்டும்.

பின்னால் வரும் ஆராய்ச்சியாளர்களுக்காக: எழுதுவது காலகண்டன். முப்பத்தொரு வருஷமாக ஏழு மாவட்டத்துத் தூக்கத்தைத் தனியாளாகக் கெடுத்தவன். மாதம் ஒரு பேய் நாவல், தொண்ணூற்றாறு பக்கம், பேருந்து நிலையக் கடைகளில் கிளிப்பில் மாட்டித் தொங்கும். கேஸ் சிலிண்டர் பதிவில் மட்டும் என் பெயர் கோமதிநாயகம்.

நோட்டைத் திறக்க வைத்தது எடிட்டர் மாரீஸ்வரன். போன் செய்தார்.

"சார், ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை. நீங்க எப்படி எழுத வந்தீங்க, உங்க பழக்க வழக்கம் என்ன, பயம் எங்கருந்து வருது. வாசகர் ரொம்பக் கேக்கறாங்க."

"எத்தனை வாசகர்?"

"ரெண்டு பேர் சார். அப்புறம் ஜூலை நாவல் இருபதாம் தேதிக்குள்ள."

கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கத்தான் இந்த நோட்டு. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. சிலிண்டர் வந்தது. பக்கத்து வீட்டில் போர் போடுகிறார்கள். பாதாளம் வரை போய்விட்டார்கள், தண்ணீரைக் காணோம்.

ஜூன் 3

கட்டுரைக்குக் குறிப்பு, பழக்க வழக்கம்.

நான் நள்ளிரவில் மெழுகுவர்த்தி வைத்து எழுதுவதாக நாடே நம்புகிறது. உண்மை: காலை பத்தரை மணி. இரண்டு தோசைக்குப் பிறகு. ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்க வேண்டும். பேயைப் பற்றி எழுதுகிறவன் வெயிலில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

காகிதம் விலைக்கு வாங்கியதே இல்லை. சிவகாசியில் இருந்துகொண்டு காகிதம் வாங்குவது கடலில் நின்று தண்ணீர் கேன் வாங்குவது மாதிரி. அச்சகத்தில் நிறம் மாறிப் பாழான காலண்டர் தாள்களை என் மச்சினன் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவான். முன்பக்கம் பழுப்பு நிறக் கிருஷ்ணர். பின்பக்கம் என் பேய். இருவருக்கும் இதுவரை தகராறு வந்ததில்லை.

எழுதும்போது எனக்கே பயம் வர வேண்டும். முழங்கையில் மயிர் எழுந்து நிற்கும். நின்றால் அத்தியாயம் தேறியது. இதுதான் என் ஒரே தராசு.

ஆறு வருஷமாக நிற்கவில்லை. கட்டுரையில் இதைப் போட வேண்டாம்.

ஜூன் 5

கொலைகளைப் பற்றி எழுதாமல் கட்டுரை முடியாது.

ஆரம்ப காலத்தில் நாவலில் சாவதற்குப் பெயர் கிடைக்காமல், கோவில்பட்டிச் சித்தப்பா ஒருவரின் பெயரைப் போட்டுவிட்டேன். பிரஷர் குக்கரின் ஐந்தாவது விசிலில் பேய் வந்து அவரைக் கொண்டுபோனது. அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் மனிதர் இலையை விட்டு எழுந்துவிட்டார். "உசிரோட இருக்கறவனைக் கொன்னவன் கூட நான் உக்கார மாட்டேன்!" ரசம் விடுகிறவர் வாளியோடு நின்றுவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சித்தப்பா, என் கதையில செத்தவங்களுக்கு நிஜத்துல சாவு கிட்ட வராது. எமன் லிஸ்ட்ல டிக் போட்டுட்டுப் போயிருவான். உங்களுக்கு நூறு வயசு."

அவர் உட்கார்ந்தார். பாயசம் இரண்டு முறை வாங்கினார். தொண்ணூற்று மூன்று வயது வரை இருந்து தொலைத்தார்.

அவ்வளவுதான். சொந்தத்தில் தீ மாதிரிப் பரவியது. பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னைச் சுற்றி வரிசை. "மாமா, என் பையன் துபாய் போறான், கிளம்பறதுக்குள்ள கொன்னுருங்க." "சித்தப்பா, எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், ரத்தம் இல்லாத சாவாப் பார்த்துப் போடுங்க." ஒரு நிபந்தனை அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்: அச்சில் வர வேண்டும், கையெழுத்துப் பிரதி செல்லாது.

எல்லோரையும் ஒரு பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். வரிசை எண், பெயர், உறவு, செத்த விதம். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று பேர். நூற்று எண்பத்தெட்டாம் எண்ணுக்கு எதிரே மட்டும் உறவு எழுதாமல் விட்டிருக்கிறது. மறதியாக இருக்கும்.

ஜூன் 7

மச்சினன் குற்றாலிங்கம் வந்தான். என் மனைவி வடிவின் தம்பி. அச்சகத்தில் பைண்டிங் பகுதிக்கு அவன்தான் தலைமை. பதினாறு பக்கம் சேர்ந்த தாளுக்கு அங்கே பாரம் என்று பெயர். என் நாவல்கள் ஒவ்வொன்றும் ஆறு பாரம். முப்பத்தொரு வருஷப் பாரங்களும் அவன் கண்ணெதிரே மடிந்து தைத்துப் போனவை. நான் செய்த அத்தனை கொலைக்கும் சாட்சி.

காலண்டர் கட்டு கொண்டுவரவில்லை. படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், மூச்சு வாங்கி முடித்துவிட்டுச் சொன்னான்.

"நாலு அடைப்பாம் அத்தான். இருபத்திரண்டாம் தேதி மதுரைல நெஞ்சைத் திறக்கறாங்க."

"திறந்து என்னத்தைப் பார்ப்பான்? உள்ள பூராவும் புரோட்டாதான் இருக்கும்."

சிரித்தான். பிறகு மடியில் கை வைத்துக்கொண்டு சொன்னான்.

"ஊரையே கொன்னீங்க. என்னை மட்டும் கொல்லலை. ஒவ்வொரு மாசமும் தாளை மடிக்கும்போது என் பேரைத் தேடுவேன். பயலுகளுக்குத் தெரியாமத் தேடுவேன். கேக்கக் கூச்சம். இப்பக் கேக்கறேன். ஜூலை நாவல்ல என்னைக் கொன்னுருங்க அத்தான். முதல் பாரத்தைத் தனியா அடிச்சு, ஆபரேஷனுக்கு முன்னாடி நான் ஒரு தடவை கையில பார்த்துட்டாப் போதும்."

சரி என்றேன். காப்பி போட்டேன். சர்க்கரைக்குப் பதில் ரவை போட்டிருக்கிறேன். இருவருமே குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 8

எழுதவில்லை. கொத்தவரங்காய் நறுக்கினேன்.

ஜூன் 10

கட்டுரைக்குக் குறிப்பு, என்னைப் பாதித்தவர்கள்.

பெரிய பெரிய பெயராக நான்கைந்து எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். பாதித்தது ஒரே ஒரு வருகைப் பதிவேடு.

ஏழாம் வகுப்பு. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். ஞானதுரை சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பெயர் கூப்பிடுகிறார். "சுடலைமணி." பதில் இல்லை. சுடலைமணி மே மாதம் கிணற்றில் போய்விட்டான். எங்கள் எல்லோருக்கும் தெரியும். சார் வெளியூர், அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. "சுடலைமணி" என்று மறுபடி கூப்பிட்டார். நாற்பது பையன்களும் மூச்சு விடவில்லை. அந்த நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது:

"உள்ளேன் ஐயா."

சார் நிமிரவில்லை. டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். எங்கள் முழங்கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. அன்று சாயங்காலம் மணி அடிக்கும் வரை சுடலைமணி வகுப்பில் இருந்தான். ஒருவரும் அந்த இடத்தில் உட்காரவில்லை.

குரல் என்னுடையதுதான். குறும்புக்குச் செய்தேன் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

பெயரைக் கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தாங்காது. வேறு காரணம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அந்த இரண்டு சொல்லை இழுத்து இழுத்து எழுதியதுதான்.

கட்டுரைக்கு இது ரொம்ப நீளம். சுருக்க வேண்டும்.

ஜூன் 12

குற்றாலிங்கத்தின் மகள் செண்பகா வந்தாள். வங்கியில் வேலை. கவுண்டரில் பேசுகிற மாதிரியே எல்லோரிடமும் பேசுவாள்.

"மாமா, எத்தனை பக்கம் ஆச்சு?"

"கற்பனை என்ன கரண்ட் பில்லா தாயி, தேதிக்குத் தேதி வர?"

"அப்பா ராத்திரி சாப்பிடறதில்லை. கேட்டா, மாமா கொன்னுட்டா எல்லாம் சரியாயிரும்னு சொல்றாரு. எனக்கு இதுல நம்பிக்கை இல்லை. ஆனா அவருக்கு இருக்கு. அதுக்காவது எழுதுங்க."

"எழுதறேன்."

"அத்தையை மட்டும் கொல்லாம விட்டுட்டீங்க. அதனாலதான் அத்தை போயிட்டாங்கன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க, தெரியுமா?"

தெரியும். காரியத்தன்று என் காதுபடவே சொன்னார்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முருங்கைக்காய் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 13

இன்று குற்றாலிங்கத்தைக் கொல்ல ஐந்து தடவை முயன்றேன்.

ஒன்று, கட்டிங் மெஷினில் பேய். வேண்டாம், வேலை செய்கிற இடம். இரண்டு, லிஃப்ட். அச்சகத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று, குளியலறைக் கண்ணாடி. கதவைத் திறந்தான், முகத்தில் சோப்புப் போட்டான், கழுவினான், துடைத்தான், வெளியே வந்து டிபன் சாப்பிட்டான். நான்கிலும் டிபன் சாப்பிட்டான். ஐந்தாவதில் அவன் பெயரை எழுதிவிட்டு, காது குத்துக்குக் கூப்பிடாத கோபத்தில் தூத்துக்குடி சம்பந்தி ஒருவரை அந்த இடத்தில் நிறுத்திக் கொன்றேன்.

இருநூற்றுப் பதின்மூன்று பேரைக் கொன்ற கை. என்ன கேடு வந்தது இதற்கு?

வலது கை மரத்துப்போய்த்தான் இருக்கிறது. வென்னீர் ஒத்தடம் கொடுத்தேன். சூடு தெரியவில்லை.

ஜூன் 15

போர்க்காரர்கள் போய்விட்டார்கள். தண்ணீர் இல்லை.

ஜூன் 17

மதுரை. முன்கூட்டியே சேர்த்துப் பரிசோதனைகள் எடுக்க வேண்டுமாம். பேருந்தில் குற்றாலிங்கத்துக்கு ஜன்னலோர இருக்கை வாங்க நான் நடத்திய போரை மகாபாரதத்தின் பத்தொன்பதாம் நாளாகச் சேர்க்கலாம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த பிறகு வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். செண்பகா பணம் கட்டும் வரிசையில் நின்றாள். அவன் பெஞ்சைத் தடவிப் பார்த்தான்.

"இதே பெஞ்சு அத்தான்."

"எது?"

"அக்காவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வந்தது. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. இனிமே என்ன, நாளைக்கு நான் இருக்கனோ இல்லையோ. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி. உங்களுக்கு மாசியிலதான தெரியும்? எங்களுக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்."

நான் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த செருப்பு விடும் இடம் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ரிசல்ட்டை வாங்கிட்டு வெளிய வந்து வடை தின்னா. ரெண்டு வடை. 'அத்தான்கிட்டச் சொல்லி என்னையும் ஒரு தடவை கொல்லச் சொல்லணும்டா'ன்னு சிரிச்சா. கேட்டாளோ, கேக்கலையோ. நீங்க கொல்லலை. உங்க மேல எனக்குக் கோவம்னா அது ஒண்ணுதான்."

அறிவிப்பில் செருப்புக்கு ஒற்றெழுத்து சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

ஜூன் 18

மாற்றுத் துணி எடுக்கச் சிவகாசிக்கு வந்தேன். பரணில் ஏறி அந்த வருஷத்து நாட்குறிப்பை எடுத்தேன். இதோ, ஜனவரி 17, என் கையெழுத்து, என் குசும்பு:

"மாட்சிமை பொருந்திய வடிவம்மாள் இன்று அடுப்படியிலிருந்து ஒரு விண்ணப்பம் வைத்தார். 'ஊரையெல்லாம் கொல்றீங்களே, எனக்கு ஒரு சாவு கிடையாதா?' ராணிகளைக் கொல்வதற்கு ராஜாங்க அனுமதி வேண்டுமே என்றேன். 'என் பேரைப் போடாதீங்க. தம்பி தாளை மடிக்கும்போது பார்த்தாப் பயந்துருவான். பவளம்னு போடுங்க' என்றார். இடம் நெருக்கடி. மூன்றாம் பாரத்தில் ஒரு மூலையில் செருகிவிட்டேன். வேலை முடிந்தது."

பதிவேட்டில் எண் 188. பவளம். நாவலையும் எடுத்துப் பார்த்தேன்.

"பவளம் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். கொடியில் தொங்கிய வெள்ளைப் புடவை அவளைப் பார்த்துத் திரும்பியது. அவள் இறங்கி வரவில்லை."

மூன்று வரி.

பிப்ரவரியில் அச்சாகி வந்தது. மாசி பாதியில் அவள் நோய் எனக்குத் தெரிந்தது. ஜூனில் போய்விட்டாள். ஆறு வருஷமாக நான் இதை ஒரு வரிசையில் வைத்திருந்தேன்: முதலில் கதை, பிறகு நோய், பிறகு சாவு. என் கையால் செத்தவர்களில் நிஜமாகவே என் கையால் செத்தவள் அவள் ஒருத்திதான் என்று. பந்தியில் அளந்த பொய்க்குத் தண்டனை என்று. யாரிடமும் சொல்லவில்லை. நாட்குறிப்பிலும் எழுதவில்லை, எழுதுவதையே விட்டேன்.

வரிசை அது இல்லை. முதலில் ஸ்கேன். பிறகுதான் விண்ணப்பம்.

தேதிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாறவில்லை. நிம்மதி வர வேண்டும் என்று உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. பயந்துபோய்த் தமிழ்நாட்டிலேயே பெரிய திகில் எழுத்தாளனிடம் வந்திருக்கிறாள். அவன் இடம் நெருக்கடி என்று சொல்லியிருக்கிறான்.

குற்றாலிங்கத்துக்கு இரண்டு வேட்டி, ஒரு துண்டு, சீப்பு, பல்பொடி. எல்லாம் எடுத்தாயிற்று.

ஜூன் 19

சொல்லிவிட்டேன்.

சொல்லலாமா என்று பேருந்தில் சிவகாசியிலிருந்து மாட்டுத்தாவணி வரை யோசித்தேன். சொன்னால் அவன் நம்பிக்கை போகும். மூன்று நாளில் நெஞ்சைத் திறக்கப் போகிறவனிடம் இருப்பது அது ஒன்றுதான். சொல்லாவிட்டால், அவன் பெயரை எழுதும் ஒவ்வொரு தடவையும் என் கை தாளை விட்டு எழுந்துவிடுகிறது. அதுவும் அவனுக்கு உதவாது.

"மாப்ள, உங்க அக்கா கேட்டா. நான் கொன்னேன். பவளம்னு பேரு."

கட்டிலில் சாய்ந்திருந்தவன் கண்ணை மூடினான். முப்பத்தொரு வருஷத் தாள்களை உள்ளே புரட்டுகிறான் என்று தெரிந்தது.

"துணி எடுக்க மாடிக்குப் போறவ."

"அவதான்."

"மூணாவது பாரம். இடது பக்கம், அடியில."

"ஆமா."

"மூணு வரிதானே அத்தான்."

பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் விதையை எல்லாம் ஒவ்வொன்றாகத் துப்பினார்.

"அப்ப இது பலிக்காது."

"பலிக்காது. பந்தியில சித்தப்பாவை உக்கார வைக்கச் சொன்ன பொய். எமனும் இல்லை, லிஸ்ட்டும் இல்லை."

"செண்பகாகிட்டச் சொல்லாதீங்க. நான் தைரியமா இருக்கேன்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "பரவாயில்லை. எழுதுங்க. அச்செல்லாம் வேண்டாம். எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. மூணு வரியில முடிச்சிராதீங்க."

ஜூன் 20

மாரீஸ்வரன் போன். நாவல் எங்கே என்றார். ஆள் சாக மாட்டேன் என்கிறான் என்றேன்.

ஜூன் 21

காலை பத்தரைக்கு ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்தேன். பழுப்புக் கிருஷ்ணரின் முதுகு. சாயங்காலம் நான்கு மணிக்குப் பதினாறு பக்கம். முழுசாக ஒரு பாரம். இடையில் யார் காப்பி வைத்தார்கள், யார் எடுத்துப் போனார்கள், தெரியாது. இப்படி எழுதி எத்தனை வருஷம்!

முழங்கையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஜூன் 22

காலை ஆறரைக்கு வாசித்தேன். எட்டு மணிக்கு அவனை அழைத்துப் போவதாக ஏற்பாடு. செண்பகா காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

கதை இது. குற்றாலிங்கம் ஒரு நாள் வேலைக்குப் போகிறான். பைண்டிங் மேசையில் வேறு யாரோ ஆட்கள். பார்த்தால் நான் கொன்ற இருநூற்றுப் பதின்மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து தாள் மடிக்கிறார்கள். அவர்களுக்கு மேற்பார்வை இல்லை, அதனால் மடிப்பு கோணல். குற்றாலிங்கத்துக்குப் பயம் வருவதற்குள் கோபம் வந்துவிடுகிறது. குக்கர் சித்தப்பாவை எழுப்பி, முனைக்கு முனை சேர்த்து மடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். மூன்றாவது பாரத்தை மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "வந்துட்டியாடா" என்கிறாள். பதினாறாம் பக்கத்துக் கடைசி வரியில்தான் அவனுக்குத் தான் செத்துப்போனது தெரிகிறது.

நடுவில் இரண்டு தடவை நிறுத்தினான். "இருநூறு பேருக்கு மேசை பத்தாது அத்தான்." நீள மேசை என்று திருத்தினேன். "ஓவர்டைம் உண்டா?" பேய்களுக்குக் கிடையாது என்றேன். "அப்ப நான் யூனியன்ல சொல்லுவேன்."

வாசித்து முடித்ததும் தாள்களை வாங்கினான். நான்காக மடித்து நகத்தால் அழுத்தி நீவினான். மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. செண்பகா கையில் கொடுத்தான்.

"நல்ல சாவு" என்றான்.

தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறகு வராந்தா. ஒன்பது, பத்து, பதினொன்று. என்னைப் போல இருபது பேர் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். செண்பகா மருந்து வாங்கக் கீழே போனாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலில் செருப்பு இருப்பதுகூடத் தெரியவில்லை.

ஒன்றே முக்காலுக்குக் கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள். கையில் ஒரு நோட்டு. அதைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"குற்றாலிங்கம்."

எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. எழவில்லை. வராந்தா முழுக்க அமைதி. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"குற்றாலிங்கம்..." இரண்டாவது தடவை.

"உள்ளேன் ஐயா" என்றேன்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். யாரோ சிரித்தார்கள். "ஐயாவா? நல்லபடியா முடிஞ்சது சார். நாளைக்குத்தான் பேச்சு வரும். சாயங்காலம் ஒரு ஆள் மட்டும் கண்ணாடி வழியாப் பாக்கலாம்."

முழங்கையைப் பார்த்தேன். மயிரெல்லாம் எழுந்து நின்றது. பட்டப் பகல்.

ஜூன் 24

பேசிவிட்டான். முதல் கேள்வி: "மேசையைத் திருத்திட்டீங்களா?"

ஜூன் 30

வீடு. கட்டுரை எழுத வரவில்லை என்று மாரீஸ்வரனுக்குச் சொல்லிவிட்டேன். நாவலையும் ஒரு மாதம் தள்ளிவைத்தார். "முப்பத்தொரு வருஷத்துல இதான் முதல் தடவை, காலகண்டன் சார்" என்றார், சாவு விசாரிக்கிற குரலில்.

காலை பத்தரை. இரண்டு தோசை. ஜன்னல் திறந்திருக்கிறது. புதிதாக ஒரு தாள் எடுத்து எழுதினேன்.

"வடிவு காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள்."

அவள் பெயரேதான். தம்பி பார்த்தால் பார்க்கட்டும்.

முதல் படியில் நின்று சேலையை இடுப்பில் செருகினாள். அடுப்பில் பால் இருப்பது நினைவு வந்து திரும்பினாள், அணைத்துவிட்டு மறுபடி வந்தாள். மூன்றாம் படியில் சிமென்ட் பெயர்ந்திருப்பதை வழக்கம்போல என்னிடம் சொன்னாள். நான் வழக்கம்போல நாளைக்கு என்றேன்.

இப்போது மணி நான்கு. பதினாறு பக்கம் ஆகிவிட்டது. அவள் இன்னும் பாதிப் படியில்தான் இருக்கிறாள்.